ஆனி பத்து வரை

ஜூன் 11, வியாழன் (வைகாசி 28)

வெனிஸ் வந்து சேர்ந்தோம். தெரு இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலைத் திறந்தால் ஒரு சந்து. சந்து முடியும் இடத்தில் கால்வாய். நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. உலகமே இந்த ஊரைப் பார்க்கத் தவம் கிடக்கிறதாம். நான் வந்து இறங்கியதிலிருந்து சுவரோரமாகவே நடக்கிறேன்.

எழுதிவைத்தால் மனம் கொஞ்சம் அடங்கும். பங்குனியில் பயணத்துக்கு நாள் பார்க்க ஆவுடைநாயகம் ஜோசியரிடம் போனேன். என் வீட்டுக்காரருடைய ஜாதகத்தைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “ஆனி பத்து வரைக்கும் அண்ணாச்சியைத் தண்ணிப் பக்கம் விடாம பாத்துக்கோங்கம்மா” என்றார். கண்டமா என்று கேட்டேன். “பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? கவனமா இருந்தாப் போதும்” என்றார். அந்தப் பெரிய வார்த்தையை அவர் மறுக்கவில்லை. அதுவே எனக்குப் போதும்.

கண்டம் யாருக்கோ அவரிடமே அதைச் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும். சொன்னால் அதற்குப் பலம் கூடிவிடும். இவரிடம் சொல்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர். ஜோசியர் தண்ணீர் வேண்டாம் என்றார் என்றால், வேண்டுமென்றே போய்க் குதித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அப்போது மகள் சங்கரி மிலானில் இருந்தாள். அங்கே கடல் இல்லை, பெரிய ஆறும் இல்லை என்று விசாரித்த பிறகுதான் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். டிக்கெட் எடுத்து முடித்ததும், கோடைக்கு மட்டும் வெனிஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை என்று இங்கே மாறி வந்து, எங்கள் டிக்கெட்டையும் வெனிஸுக்கு மாற்றிவிட்டாள். வராமல் இருந்திருக்கலாம். இரண்டு வருடமாகப் பார்க்காத பிள்ளையிடம் என்ன சொல்லி நிற்பது?

விமான நிலையத்தில் படகு தயாராக நின்றது. பஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பஸ் ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் நடைதான். நாலடிக்கு ஒரு பாலம், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. பெரிய பெட்டிகள் இரண்டையும் இவரே தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் இடது தோள் வலிக்கிறது என்றார். தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

சங்கரி எங்கள் இருவருக்கும் ஒரு வாரப் பாஸ் வாங்கி வைத்திருக்கிறாள். நம் ஊரில் டவுன் பஸ் ஓடுவது போல இங்கே படகு ஓடுகிறது. இந்த அட்டை இருந்தால் எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“எனக்குப் படகு ஒத்துக்காது. தலை சுத்தும்” என்றேன். விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்த பொய்.

“எப்பருந்து?” என்றாள் சங்கரி. “கன்னியாகுமரில பாறைக்குப் போனப்போ படகுல நின்னுக்கிட்டே முறுக்கு தின்னேல்லா.”

“அது அப்போ. இப்போ பிரஷர் இருக்குல்லா.”

“பிரஷருக்கும் படகுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

இவர்தான் நடுவில் வந்தார். “விடு சங்கரி. அவளுக்கு ஒத்துக்காதுன்னா ஒத்துக்காது. நடப்போம். நடந்தாத்தான் ஊரு பிடிபடும்.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும், எதையும் வெளியே விடக்கூடாது. பேச்சு என்றால் எனக்குப் பிடிபட்டுவிடும். பார்வையை என்ன செய்வது?

ஜூன் 13, சனி

சங்கரிக்கு விடுமுறை. கண்ணாடி ஊதுகிற தீவு ஒன்று இருக்கிறதாம், போகலாம் என்றாள். தீவு என்றாலே நாலு பக்கமும் தண்ணீர். நான் முடியாது என்றேன்.

“அப்போ நீ வீட்ல இரு. நானும் அப்பாவும் போயிட்டு வாரோம்.”

வயிற்றுவலி என்று கட்டிலில் போய்ப் படுத்தேன். நல்லவேளை, இவர் வந்து கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். “உங்கம்மாவைத் தனியா போட்டுட்டு நான் கண்ணாடியப் பாத்து என்ன செய்யப் போறேன்?” என்றார். சங்கரி காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கதவைப் படார் என்று சாத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் எனக்கு வயிற்றுவலி சரியாகிவிட்டது. மூன்று பேருமாக நடந்தே பெரிய சதுக்கத்துக்குப் போனோம். தங்கத்தில் சித்திரம் பதித்த கோயில், புறாக்கூட்டம், உலகத்து ஜனம் எல்லாம் அங்கேதான். இவர் இந்த வயதில் ரசிகராகிவிட்டார். ஒவ்வொரு பாலத்தின் உச்சியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்று பார்க்கிறார். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனபோது அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மின்கம்பத்தைப் பார்த்தவர். “என்ன பாக்கீங்க அத்தான்?” என்று கேட்டேன். “சும்மாதான்” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜூன் 15, திங்கள் (ஆனி 1)

ஆனி பிறந்துவிட்டது. பாபநாசம் உலகம்மைக்கு நேர்ந்து காசு முடிந்து வைத்தேன். உலகம்மாள் என்று எனக்குப் பெயர் கொடுத்தவளே அவள்தான், என்னைக் கைவிடமாட்டாள். மஞ்சள் துணிக்கு இங்கே எங்கே போவது? இவருடைய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை மஞ்சள்பொடியில் முக்கி எடுத்தேன். கை கழுவும் தொட்டி முழுக்க மஞ்சளாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சாயங்காலம் சங்கரி வந்து பார்த்துவிட்டு, “வீட்டு ஓனர் பாத்தா என்ன கேப்பான்னு தெரியுமாம்மா?” என்றாள். கோழிக்குழம்பு வைத்தேன் என்றா சொல்ல முடியும், சைவ வீட்டில்? சாம்பார் கொட்டிவிட்டது என்றேன். பொய் இப்போதெல்லாம் தானாகவே வருகிறது.

ஜூன் 16, செவ்வாய்

கத்தரிக்காய் வாங்கினேன். இங்கே ஒரு காய் கைக்குழந்தை கனம் இருக்கிறது. கூட்டு நன்றாக வந்தது. இவர் பாதியில் எழுந்துவிட்டார். வாயுவாம். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், தோளுக்குத் தைலம் தேய்த்தேன். தலைக்கு இன்னொரு தலையணை கேட்டார். சாய்ந்து உட்கார்ந்தால் தூக்கம் நன்றாக வருகிறதாம்.

ஜூன் 17, புதன்

கீழ்வீட்டில் பியெரா என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். தினமும் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. ஆனாலும் வாசலில் நின்று நன்றாகப் பேசிக்கொள்கிறோம். இன்று நாங்கள் திரும்பி வந்தபோது இவர் மாடிப்படியில் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பு வார் இழுக்கிறது என்றார். பியெரா இவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தன் இடது மார்பில் விரலால் தட்டித் தட்டிக் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னாள். முகத்தில் அவ்வளவு கவலை.

நல்ல மனுஷி. இந்த ஊரில் பிக்பாக்கெட் அதிகம் என்று சங்கரி ஏற்கனவே சொல்லியிருக்கிறாள். மேலே வந்ததும் இவருடைய சட்டைப் பையில் இருந்த பர்ஸை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். படகுப் பாஸ் மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாளையோடு அதுவும் காலாவதி.

ஜூன் 19, வெள்ளி

காய்கறிச் சந்தை பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு படகு போகிறது. நீளமான கறுப்புப் படகு, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் துடுப்புப் போடுகிறான், நடுவில் ஜனங்கள் ஏறி நின்றுகொள்கிறார்கள். நாலு துடுப்பில் அக்கரை. நடந்து போனால் கல்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இத்தனை நாளும் சுற்றித்தான் கூட்டிப்போனேன். இன்று சந்தைக் கடை ஒன்றில் தக்காளி விலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இவரைக் காணவில்லை. திரும்பினால் படகுத்துறையில் நிற்கிறார். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில். படகுக்காரன் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் ஒன்று தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. “இறங்குங்க. இறங்குங்கன்னு சொல்லுதேன்லா” என்று கத்தினேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை.

இவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காலை எடுத்துக் கரையில் வைத்தார். அங்கே இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். நெற்றி, கழுத்து, சட்டை எல்லாம் வியர்வை. அப்படி ஒன்றும் வெயில் இல்லை.

“ஒரு தடவை உக்காந்துக்கிட்டே போலாம்னு பாத்தேன் உலகு” என்றார். “பரவால்ல. நடப்போம்.”

நின்றுகொண்டு போகிற படகில் எங்கே உட்காருவது என்று கேட்டேன். சிரித்தார். பாலத்தைச் சுற்றி வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. பொத்தான் விழுந்ததை நினைத்தால்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. தண்ணீர் கேட்டது ஒரு பொத்தானோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஜூன் 20, சனி

மழைத் தூறல். அப்பளம் பொரித்தேன். இவர் தொடவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

சங்கரியிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்படி ஆகிவிட்டது.

நாளைக்கு எங்கள் கல்யாண நாள். சங்கரி எங்களுக்குத் தெரியாமல் ஒரு தனிப் படகுக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள். அலங்காரப் படகு, சாயங்கால நேரம், பாட்டுப் பாட ஒரு ஆள் வேறு. காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னம்மா நடக்குது இங்க? நீ படகைக் கண்டா பேயக் கண்ட மாதிரி நிக்கே. அப்பா என்னன்னா நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?”

இவர் குளியலறையில் இருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளியில் குளித்தாலும் கதவைத் தாழ் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜோசியரை, ஆனி பத்தை, மஞ்சள் தொட்டியை, எல்லாவற்றையும். அழுகையும் வந்துவிட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். “இவ்வளவு தூரம் வந்து, இப்படி ஒரு ஊர்ல, அந்த மனுஷனைப் பாலம் பாலமா ஏற விட்டிருக்கே” என்றாள். அப்புறம் ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்தாள்.

“எந்தத் தேதி வரைக்கும்னு சொன்னாரு?”

“ஆனி பத்து. புதன்கிழமை.”

“சரி. நாளைக்குள்ளதை ரத்து பண்ணிருதேன். புதன்கிழமை வரைக்கும் படகுப் பேச்சை நானும் எடுக்கல.”

எத்தனையோ புத்தகம் படித்தவள், ஆராய்ச்சிக்காரி. ஆனால் அப்பாவை வைத்துச் சோதித்துப் பார்க்க அவளுக்கும் மனம் வரவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

“வியாழக்கிழமை அப்பாவை ஒரு டாக்டர்ட்ட காட்டுவோம்” என்றாள். “முகமே சரியில்ல.” வெறும் வாயுதான் என்றேன். ஆனாலும் சரி என்றேன். புதனுக்குப் பிறகு எதுவானாலும் சரிதான்.

ஜூன் 22, திங்கள்

கல்யாண நாள். கேசரி கிண்டினேன். பியெராவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் வெளியே வரவில்லை, படுத்தே இருக்கிறேன் என்றார். வீட்டுக்குள் இருந்தால் தண்ணீர் பயமில்லை. நான் நிம்மதியாகத் துணி துவைத்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

இன்றும் வீட்டிலேயே. இன்னும் ஒரே நாள்.

வேண்டுதலை ஊருக்குப் போய்த்தான் செலுத்தவேண்டும். அதுவரை சும்மா இருப்பதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. சங்கரி ஒரு விஷயம் சொன்னாள். பெரிய கால்வாய் முடியும் இடத்தில் வெள்ளையாக ஒரு மாதா கோயில் இருக்கிறதாம். நானூறு வருடத்துக்கு முன்னால் கொள்ளைநோயில் ஊரே செத்துக்கொண்டிருந்தபோது, எங்களைக் காப்பாற்று என்று இந்த ஜனங்கள் நேர்ந்துகொண்டு கட்டிய கோயில். “நம்ம வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா மாதிரிம்மா” என்றாள். ஆரோக்கிய மாதா எந்த ஊரில் இருந்தால் என்ன? நாளைக்கு ஆனி பத்து. இவரைக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

இவரிடம் கேட்டேன். “தூரமாச்சே” என்றார். “படகுல போனா சீக்கிரம் போயிரலாம்.”

“கடைசியா ஒரு நடை. எனக்காக” என்றேன்.

“சரி” என்றார்.

ஜூன் 24, புதன் (ஆனி 10)

காலை. குளித்துப் பூஜை முடித்தாகிவிட்டது. மஞ்சள் முடிச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சங்கரி வேலைக்குப் போகிற வழியில் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள், அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் அல்ல. இவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், தெறித்த பொத்தானுக்குப் பதிலாக வேறொன்றை நான் தைத்துக்கொடுத்தது. கிளம்புகிறோம். வந்து எழுதுகிறேன்.

ஜூன் 25, வியாழன்

ஆஸ்பத்திரி. இவர் தூங்குகிறார். நெஞ்சில் ஒட்டியிருக்கிற ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போகின்றன, பெட்டி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. சத்தம் வரும்வரை நல்லது என்று நர்ஸ் சைகையில் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் பெரிய கால்வாயின் மேல் மரப்பாலம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் இருப்பதிலேயே அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. படி, படி, படி. இவர் பாதியில் நின்றார். நான் முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன். “வாங்க அத்தான், மேல போய் நின்னு பாத்துக்கலாம்” என்றேன். வந்தார். உச்சிக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்தார். பார்க்கத்தான் நிற்கிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. “அதுதான் மாதா கோயில்” என்று கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் இவர் மரத்தரையில் உட்கார்ந்திருக்கிறார். முகம் சாம்பல் நிறம். வலது கையால் இடது மார்பை அமுக்கிக்கொண்டிருக்கிறார். பியெரா தட்டிக் காட்டிய அதே இடம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாமே அந்த ஒரு நொடியில் புரிந்தது.

யாரோ போன் செய்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். சைரன் கேட்டது. நான் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒன்றும் வரவில்லை. சத்தம் கீழே இருந்து வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து பாலத்தடியில் நின்றது. ஆரஞ்சு உடுப்புப் போட்ட இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். நாற்காலியில் இவரை வைத்துக் கட்டிப் படியிறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள்.

கரையில் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். “கார்” என்றேன். “போட் நோ. கார். ப்ளீஸ் கார்.” அந்தப் பெண் ஏதோ சொல்லி என்னை விலக்கப் பார்த்தாள். நான் நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவர்கள் இழுக்க, நான் இழுக்க. இன்று ஆனி பத்து, இன்று ஒரு நாள் மட்டும் என்று தமிழில் கதறினேன். யாருக்குப் புரியும்? புரிந்தாலும்தான் என்ன?

இவர் கண்ணைத் திறந்தார். “உலகு” என்றார். குரலே இல்லை, உதடுதான் அசைந்தது. நான் குனிந்தேன்.

“விடு. எனக்குத் தெரியும். ஆவுடை ஜோசியரு எங்கிட்டயும் சொல்லிட்டாரு.”

என் கை இன்னும் கம்பியில்தான் இருந்தது.

“இங்க காரு கெடையாது. ஏறு.”

கையை விட்டேன். ஏறினேன். இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாகத் தண்ணீரின் மேல் கால் வைத்தேன். படகு சீறிக்கொண்டு போனது. எதிரில் வந்த படகுகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டன. சுற்றுலாக்காரர்கள், காய்கறிப் படகு, குப்பைப் படகு, அத்தனையும். பெரிய ஜன்னல் வைத்த பழைய மாளிகைகள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான் இவருடைய கையைப் பிடித்திருந்தேன். எங்கள் இருவர் கைக்கும் நடுவில் மஞ்சள் முடிச்சு இருந்தது. அதை நான் எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. பாதி வழியில் இவர் கை தளர்ந்தது. அந்தப் பெண் என்னைத் தள்ளிவிட்டு நெஞ்சில் ஏதோ செய்தாள். கடவுள் பெயர் ஒன்றும் என் வாயில் வரவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று அந்தத் தண்ணீரிடம்தான் கேட்டேன்.

படகு ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய் நின்றது. கதவு திறந்தது, உள்ளே ஓடினார்கள்.

ஜூன் 26, வெள்ளி

பிழைத்துக்கொண்டார். கை நரம்பு வழியாகப் போய் இதயத்து அடைப்பை எடுத்துக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் சின்னப் பெண். சங்கரி வயதுதான் இருக்கும். சங்கரி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். வலி எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டாள். “வந்த அன்னைக்கு, பெட்டி தூக்குனதுலருந்து” என்றார் இவர். அப்படியே இத்தனை நாளாக இந்த ஊர்ப் பாலங்களை ஏறி இறங்கினீர்களா என்று டாக்டருக்கு ஆச்சரியம். ஏன் படகில் போகவில்லை என்று கேட்டாள். சட்டைப் பையில் காலாவதியான பாஸைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதது.

சங்கரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் டாக்டரிடம் ஏதோ சொன்னாள். டாக்டரின் முகம் இளகிவிட்டது. என் தோளில் தட்டிக்கொடுத்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“என்னட்டி சொன்னே?”

“அம்மாவுக்குப் படகு ஒத்துக்காதுன்னு சொன்னேன்” என்றாள் சங்கரி. “தலைசுத்தலுக்கு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. வாங்கியாறேன்.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மத்தியானம் அக்கா ஊரிலிருந்து பேசினாள். “ஆனி பத்துன்னா ஆனி பத்துதான் பாத்தியா. ஜோசியர் வாக்கு தப்பலியே” என்றாள். தண்ணீரில் இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது பாலத்தில். பாலத்துக்குக் கூட்டிப்போனது யார் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 27, சனி

பியெரா பார்க்க வந்தாள். இவர் கட்டிலுக்கு அருகில் நின்று, தன் மார்பைத் தட்டி, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் என் மார்பைத் தட்டித் தலையாட்டினேன். கேசரி கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். காலியாகத் தரவில்லை, செர்ரிப்பழம் போட்டிருந்தாள்.

ஜூன் 29, திங்கள்

இன்று வீட்டுக்கு வந்தோம்.

காலையில் சங்கரி காகிதங்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது கட்டிலருகே நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“ஜோசியர் எப்போ சொன்னாரு?”

“நீ போய்ப் பாத்த மறுநாளே. தினமும் சாயங்காலம் நானும் அவரும் சேந்துதான நடக்கோம்” என்றார். “‘உங்க வீட்டம்மா பயந்துட்டாங்க அண்ணாச்சி, கொஞ்சம் அனுசரிச்சு நடந்துக்கிடுங்க’ன்னாரு.”

“உங்களுக்குத்தான் அதுல நம்பிக்கை இல்லியே. படகுல ஏறியிருக்கலாம்லா.”

“எனக்கு இல்ல. உனக்கு இருக்குல்லா. நான் தண்ணிமேல போற நேரமெல்லாம் நீ கரையில உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பே. அதுக்கு நடந்திரலாம்.”

“வலிச்சதையாவது சொல்லியிருக்கலாம்.”

பெட்டிச் சத்தம் இப்போது இல்லை, ஒயர்களை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

“சொன்னா கண்டம் வந்துட்டுன்னு நீ படுத்திருப்பே. தேதி தாண்டட்டும், சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்” என்றார். “நானும் ஆனி பத்துக்குத்தான் உலகு காத்துக்கிட்டு இருந்தேன்.”

ஜோசியத்தை ஆயுள் முழுக்கக் கேலி செய்த மனுஷன். நான் ஒரு பக்கம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன், இவர் அடுத்த தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அதே நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை, யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவர் மடியில் தலையை வைத்து அழுதேன். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இன்னும் கொஞ்ச காலத்துக்கு இவர் படி ஏறக்கூடாது. இந்த ஊரில் அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. சங்கரி புதிதாகப் பாஸ் வாங்கி வந்தாள். படகுத்துறையில் நான் முதலில் ஏறி, திரும்பி இவருக்குக் கை கொடுத்தேன். இவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. தண்ணீர் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஓடியது.

“மாத்திரை போட்டியா?” என்று கேட்டார் இவர். முகத்தில் சிரிப்பைக் காணோம், கண்ணில் இருந்தது.

மாத்திரை அட்டை மஞ்சள் முடிச்சோடு சேர்ந்து கைப்பையில் கிடந்தது, உடைக்காமல்.

“எனக்கு எந்தப் படகும் ஒத்துக்கும்” என்றேன். “உங்களுக்கு எங்கயாவது வலிக்கா? இப்பவே சொல்லுங்க.”

“குழாய் விட்ட எடத்துல லேசா இழுக்கு” என்றார்.

“எந்த எடத்துல?”

காட்டினார்.